மாங்காய் என்றே உலகம் அழைத்தது

மாவின் ரகங்கள், உறவு மரங்கள், அவற்றின் பயன்கள் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் வழங்கும் ‘மேங்கோ’ போர்ச்சுகீசியரின் ‘மங்கா’விலிருந்து வந்தது. அந்த ‘மங்கா’, நம் கரைகளில் அவர்கள் காதில் விழுந்த ‘மாங்காய்’. மலாய் மொழி வழியாகப் போயிற்று என்று சொல்பவர்களும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதை மறுப்பதில்லை. மாம்பழம் என்ற சொல் கப்பலேறவில்லை, மாங்காய்தான் ஏறியது. அதற்குக் காரணமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு மா பழமாகப் போய்ச் சேர வழியில்லை. பல மாதக் கடற்பயணத்தைத் தாங்கியது உப்பிலிட்ட காய்தான். அதனால் அங்கே அந்தச் சொல்லுக்கே ஊறுகாய் என்ற பொருள் படிந்தது. முலாம்பழத்தையும் பீச் பழத்தையும் குடைமிளகாயையும் மசாலா அடைத்து ஊறப்போட்டு, அதற்கும் ‘மேங்கோ’ என்றே பெயர் சொன்னார்கள். உலகம் மாவை முதலில் அறிந்தது காயாகத்தான்.

நம் மொழியும் அப்படியே அறிந்து வைத்திருந்தது. யாப்புப் படித்தவர்களுக்குத் தேமாவும் புளிமாவும் முதல் பாடம். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா. சீர்களுக்கு வாய்பாடு தேடிய இலக்கணக்காரர், எல்லாருக்கும் தெரிந்த மரங்களைத்தானே எடுத்திருப்பார்? இனிப்பு மாவையும் புளிப்பு மாவையும் சரிநிகராக நிறுத்தினார். மூவசைச் சீருக்கு வரும்போது தேமாங்காய், புளிமாங்காய் என்று ஒரு வரிசை, தேமாங்கனி, புளிமாங்கனி என்று இன்னொரு வரிசை. வெண்பாவில் காய்ச்சீர் வரும், கனிச்சீர் வராது. பரணர் பாடிய குறுந்தொகை 292ஆம் பாடலில் வரும் நன்னன் என்ற மன்னனின் கொடுமையையும் நினைத்துப் பாருங்கள். அவனுடைய காவல் மரமான மாவிலிருந்து உதிர்ந்து ஆற்றோடு வந்ததை ஒரு பெண் எடுத்துத் தின்றாள். எண்பத்தொரு யானைகளும், அவள் எடைக்கு எடை பொற்பாவையும் தருகிறோம் என்று மன்றாடியும் கேளாமல் அவளைக் கொன்றான். அந்தப் பெண் தின்றதும் பச்சைக் காய்தான். காயையும் கனியையும், இனிப்பையும் புளிப்பையும் ஒரே மதிப்பில் வைத்துப் பார்த்த கண் நம்முடையது. அந்தக் கண்ணை நாம் இழந்ததனால்தான் மாவின் ரகங்கள் நம் காலத்தில் வேகமாகக் குறைகின்றன என்பதே நான் இன்று நிறுவ விரும்புவது. மேசையில் நறுக்கி வைக்கும் இனிப்புப் பழம் ஒன்றையே மாவின் பயன் என்று கொண்டால், அந்த ஒரு பயனுக்கு உதவாத மரமெல்லாம் விறகாகத்தான் தெரியும்.

இதை விளக்க மாங்கொட்டையின் இயல்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் நாட்டு ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே ஒரு கரு இருக்கும். அது அயல் மகரந்தம் சேர்ந்து உண்டான கரு. ஆகவே மல்கோவாக் கொட்டையை ஊன்றினால் மல்கோவா வராது. தாயைப் போலக் கொஞ்சம், தெரியாத தகப்பனைப் போலக் கொஞ்சம் என்று புதிய மரம் ஒன்று வரும். ஒவ்வொரு கொட்டைக் கன்றும் உலகில் முன்பு இல்லாத ஒரு மா. கேரளக் கரையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வேறு வகை உண்டு. சந்திரக்காரன், ஒளூர், குருக்கன், பப்பக்காய், வெள்ளைக் கொழும்பான் போன்றவற்றின் கொட்டையில் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சாகவே முளைக்கும். இந்த விலக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கொட்டையிலிருந்து வளர்ந்த மரங்கள் நிறைந்த ஒரு தோப்பில் எத்தனை மரமோ அத்தனை ரகம். பதினாறாம் நூற்றாண்டில் கோவாவில் போர்ச்சுகீசியர் மாவில் ஒட்டுக்கட்டுவதைப் பரவலாக்கினார்கள். அதன்பின் நல்ல மரம் ஒன்றை அப்படியே ஆயிரமாகப் பெருக்க முடிந்தது. இன்று நாம் பெயர் சொல்லி வாங்கும் ஒவ்வொரு ரகமும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கண்ணில் பட்ட ஒற்றைக் கொட்டை மரம். தசேரியின் தாய்மரம் லக்னோவுக்கு அருகே அதே பெயர் கொண்ட கிராமத்தில் இன்றும் நிற்கிறது. பங்கனப்பள்ளித் தோப்பு எத்தனை ஆயிரம் ஏக்கர் விரிந்தாலும், மரபின் கணக்கில் அது ஒரே ஒரு மரம்.

இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் மா ரகங்கள் உண்டு என்று சொல்வது வழக்கம். பெயர் பெற்றவற்றின் கணக்கு அது. அவற்றிலும் சந்தைக்குப் பெருமளவில் வருபவை இருபது முப்பதைத் தாண்டா. தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் செந்தூரா, பங்கனப்பள்ளி, இமாம்பசந்த், மல்கோவா, காலாப்பாடு, ருமானி, நீலம், கிளிமூக்கு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். பெயரில்லாத கொட்டை மரங்களை யாரும் எண்ணியதில்லை. ஊருக்குள் அவற்றுக்கு அடையாளப் பெயர் மட்டும் இருக்கும்: கிணற்றடி மரம், சர்க்கரைக்குட்டி, தேங்காய் மாங்காய், நார் மாங்காய். வீட்டுமனை போடும்போதும் சாலை விரியும்போதும் முதலில் விழுபவை அவைதான். அப்படி ஒரு மரம் போனபின் அதன் காயை வேறெங்கும் வாங்க முடியாது.

‘போனால் என்ன? சுவை இல்லாத மரம்தானே, மக்கள் நல்லதைத் தேர்ந்தெடுத்தார்கள், மற்றது மறைந்தது’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு வரலாறு நல்ல பதில். 1889இல் அமெரிக்க வேளாண் துறை இந்தியாவிலிருந்து சில ஒட்டுக்கன்றுகளைத் தருவித்தது. 1894–95 குளிர்காலத்து உறைபனியில் அவை மடிந்தன. எல்பிரிட்ஜ் கேல் என்ற பாதிரியாரின் தோட்டத்தில் மல்கோபா என்ற பெயர் கொண்ட ஒரே ஒரு மரம் பிழைத்தது. அதன் கொட்டையிலிருந்து வந்த கன்றுகளை 1902இல் கேப்டன் ஹேடன் என்பவர் நட்டார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். மனைவி தண்ணீர் ஊற்றி வளர்த்தார். 1910இல் அவற்றில் ஒன்று சிவந்த கன்னத்தோடு காய்த்தது. அதுதான் ஹேடன். அதன் தாய் மல்கோபா. தகப்பன் யார் என்று மரபணு ஒப்பாய்வு செய்து பார்த்தபோது, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த டர்பன்டைன் என்ற கொட்டை மா கைகாட்டப்பட்டது. பெயரே சொல்கிறதே: நார் அடைத்து, டர்பன்டைன் நெடி வீசும் பழம். எந்தப் பழக்கடையிலும் அதற்கு இடமில்லை. ஆனால் ஹேடனும், ஹேடன் வழி வந்த டாமி அட்கின்ஸ், கென்ட் ஆகியவையும் சேர்ந்து மேலை நாடுகளின் மா வணிகத்தையே நடத்துகின்றன. ஒருவருக்கும் வேண்டாத அந்த நார் மரத்தை 1890களிலேயே வெட்டிப் போட்டிருந்தால் இந்தப் பரம்பரை பிறந்திருக்காது.

நம் நாட்டுக் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. பங்கனப்பள்ளிக்கும் அல்போன்சாவுக்கும் இருக்கும் மவுசு நீலத்துக்குச் சந்தையில் கிடையாது. பருவத்தின் கடைசியில் வருவது, சிறிய பழம், விலையும் குறைவு. ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும். வட இந்தியப் புகழ்பெற்ற ரகங்களோ ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுக்கும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் புதிய ரகம் உண்டாக்க முனைந்தபோதெல்லாம் தென்னாட்டு நீலத்தைத் தேடி வந்தார்கள். புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மல்லிகா நீலத்தையும் தசேரியையும் சேர்த்தது. அம்ரபாலி அதே இரண்டையும் இடம் மாற்றிச் சேர்த்தது. கொங்கணத்தின் ரத்னா நீலமும் அல்போன்சாவும் சேர்ந்தது. அல்போன்சாவில் வெளியே பளபளவென்றிருந்து உள்ளே சதை வெளுத்துப் பஞ்சாகும் கோளாறு ஒன்று உண்டு, ரத்னாவில் அது இல்லை. நம் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, பி.கே.எம். 2 இரண்டிலும் நீலம் ஒரு பெற்றோர். பையூர் 1 என்ற குட்டை ரகமும் நீலத்திலிருந்து வந்ததுதான். எப்போதோ யார் தோட்டத்திலோ தற்செயலாய் முளைத்த ஒரு கொட்டை மரம் நாடு முழுவதற்கும் உறவு கட்டிக் கொடுத்திருக்கிறது. நாளைக்குத் தேவைப்படும் குணம் எந்த மரத்தில் ஒளிந்திருக்கிறது என்று இன்றே சொல்லிவிட யாராலும் முடியாது. களர் நிலத்தில் தாக்குப்பிடிக்கும் வேர், மழை தப்பிய ஆண்டில் பூக்கும் பழக்கம், தத்துப்பூச்சியைத் தாங்கும் பூங்கொத்து ஆகியவற்றை இனிப்பை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகங்களில் மட்டும் தேடினால் போதாது.

‘ஆராய்ச்சி நிலையங்களில் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்களே’ என்பது அடுத்த மறுப்பு. லக்னோவில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் சேகரிப்புத் தோட்டத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட மாவகைகள் இருக்கின்றன. அந்தப் பணியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நெல்லுக்கும் மாவுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நெல் விதையை உலர்த்திக் குளிர் அறையில் வைத்தால் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். மாங்கொட்டை உலர்ந்தால் செத்துப்போகும். சில வாரங்களுக்குள் ஊன்றாவிட்டால் முளைக்காது. எனவே மாவைக் காப்பது என்றால் மரமாகவே நிறுத்திக் காப்பதுதான். மரத்துக்கு நிலம் வேண்டும், நீர் வேண்டும், நூறாண்டு பொறுமை வேண்டும். ஓர் அரசுத் தோட்டம் எழுநூறு மரத்தைத் தாங்கும், எழுபதாயிரத்தைத் தாங்காது. போர்னியோவில் கஸ்தூரி என்றொரு மா இனம் உண்டு, நம் மாவுக்குப் பெரியப்பன் பிள்ளை போன்ற உறவு. காட்டில் அது அற்றுப்போய்விட்டது. இன்று உயிரோடு இருப்பது தென் கலிமந்தான் மக்களின் வீட்டுத் தோட்டங்களில்தான். அந்தக் கருநிறச் சிறு பழத்தின் மணத்துக்கு அங்கே சந்தையில் ஆள் இருந்தது, அதனால் மரம் பிழைத்தது. ஆகவே ஒரு மரத்தை நூறாண்டு நிற்க வைப்பது அதனால் ஒருவருக்குக் கிடைக்கும் பயன்தான் என்கிறேன்.

அந்தப் பயன்களில் நமக்கு மிக நெருங்கியது மாவடு. மாசி, பங்குனியில் அழகர்கோயில், நத்தம் பக்கத்திலிருந்து மதுரைச் சந்தைக்குக் கூடைகள் இறங்கும். பெரிய நெல்லிக்காய் அளவு, உருண்டையாக ஒன்று, மூக்கு நீண்டு ஒன்று. விலை பேசுவதற்கு முன் வாங்குபவர் ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளி மூக்கில் வைப்பார். கிள்ளிய இடத்தில் பால் துளிர்க்க வேண்டும், மணம் சுள்ளென்று ஏற வேண்டும். காற்றில் உதிர்ந்ததை வாங்க மாட்டார்கள். அடிபட்ட வடு ஜாடியில் அழுகி மற்றதையும் கெடுக்கும். கையால் பறித்து, காம்பு ஒட்டியிருப்பதுதான் வேண்டும். கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக்கி, விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி, கல்லுப்பை அடுக்கடுக்காகத் தூவிப் பீங்கான் ஜாடியில் போடுவார்கள். தினம் இரண்டு வேளை குலுக்கிவிட்டால் மூன்றாம் நாள் காய் தானே நீர் விடும். ஒரு வாரத்தில் தோல் சுருங்கும். அந்த நீரை எடுத்துக் கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கலந்து மறுபடி ஊற்றினால் ஓராண்டுக்குத் தயிர்சாதத்துக்குத் துணை. இதற்குப் பங்கனப்பள்ளிப் பிஞ்சு உதவாது. கைப்பக்குவம் தெரிந்தவர்கள் நாட்டு வடுவைத்தான் தேடுவார்கள். பழுத்தால் புளித்து நாராய்ப் போகும் மரம் பிஞ்சில் ராஜாவாக இருக்கிறது. பழத்தை வைத்து மட்டும் மதிப்பெண் போட்டால் இந்த மரம் தோற்றுப்போகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கர்நாடகப் பகுதியில், ஷராவதி, அகநாசினி ஆற்றங்கரைகளில் இதற்கு இணையான அப்பெமிடி இருக்கிறது. காட்டோரத்துக் கொட்டை மரங்கள். ஒவ்வொரு மரத்தின் பிஞ்சுக்கும் தனி மணம், தனிப் பெயர், தனி விலை. சாகரம், சிர்சி வட்டாரத்தில் எந்த மரத்து வடு என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பழ ரகத்துக்குக் கிடைப்பதைப் போலவே, ஊறுகாய்க்கென்றே வாழும் ஒரு மரக்கூட்டத்துக்குக் கிடைத்தது. அங்கே ஒட்டுக்கட்டுபவர்கள் பழத்துக்காக அல்லாமல் வடுவுக்காகவே நல்ல மரங்களைப் பெருக்குகிறார்கள். ஆந்திரத்தில் ரசம் என்று முடியும் சாற்று மாக்கள் உண்டு: சின்ன ரசம், பெத்த ரசம். உருட்டி உருட்டிக் குழைத்துச் சப்பிக் குடிக்கும் பழங்கள் அவை. கேரளத்து மாம்பழப் புளிசேரிக்குக் கைக்குள் அடங்கும் நாட்டு மாம்பழம்தான் வேண்டும், முழுதாகக் குழம்பில் மிதக்க வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்குக் கறுத்தக்கொழும்பானுக்கு ஈடு வேறெங்கும் இல்லை. புளிப்பு மாங்காயைச் சீவி உப்பிட்டு வெயிலில் காய வைத்தால் மாவற்றல், புளி இல்லாத நாளில் குழம்புக்குப் புளி. ஒவ்வொரு சமையல் முறையும் ஒரு மரக்கூட்டத்தைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சமையல் போனால் மரமும் போகும்.

வடு கெடாமல் இருப்பதற்கு உப்பு மட்டும் காரணமல்ல. மாங்காயின் பால் வாய் ஓரத்தில் பட்டால் வெந்து புண்ணாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காந்தலுக்குக் காரணமான ரெசார்சினால் வகைச் சேர்மங்களே காயின் தோலில் பூஞ்சைகளை அண்டவிடாமல் காக்கின்றன. பழுக்கப் பழுக்க அவை குறையும், கரும்புள்ளி நோய் ஏறும். ரகத்துக்கு ரகம் இந்தப் பாதுகாப்பு மாறுபடுகிறது என்பதை இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மாவின் உறவு மரங்களைப் பார்த்தால் இந்தக் காரப் பாலே குடும்பச் சொத்து என்று தெரியும். பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த முந்திரியை நம் முன்னோர் கொல்லாமா என்றும் அழைத்தார்கள். தாவரவியல் நூல் வருவதற்கு முன்பே அதை மாவோடு சேர்த்துப் பெயரிட்ட கண்ணை வியக்காமல் இருக்க முடியவில்லை. பண்ணுருட்டியில் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கையைப் பொத்துவிக்கும் ஓட்டெண்ணெயில் இருப்பது இதே இனத்துச் சேர்மங்கள். வண்டிகளின் பிரேக் பட்டையிலும் வார்னிஷிலும் அது பயன்படுகிறது. சேங்கொட்டையின் சாறு சலவைத்தொழிலாளர் துணிக்கு இட்ட அழியாத குறி. சுத்தி செய்து சித்த மருந்தும் ஆகும். ஜப்பானியரின் அரக்குப் பாத்திரங்களுக்கு மினுக்கம் தருவதும் இக்குடும்பத்து மரம் ஒன்றின் பால்தான். பாயசத்துக்குப் போடும் சாரப்பருப்பு, வேலிக்கு நடும் ஒதியமரம், யாழ்ப்பாணத்து அம்பிரலங்காய், பிஸ்தா எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இலங்கைக் காடுகளில் மட்டுமே வளரும் ஒரு காட்டுமா இனமும் அந்தமான் காட்டு மாக்களும் நம் மாவுக்கு உடன்பிறந்தவை. மாங்காய் இஞ்சியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது மஞ்சளின் தங்கை, மணம் மட்டும் மாவுடையது.

பொருளாதாரம் பற்றிய மறுப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. கொட்டை மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும், ஒட்டுக்கன்று நான்காம் ஆண்டிலேயே காய்க்கும். கொட்டை மரம் ஏக்கருக்கு 40 நடவே இடம் போதாது, அடர் நடவில் 3க்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 674 ஒட்டுக்கன்று நடலாம். கடன் வாங்கிப் பயிரிடுபவரிடம் போய் மரபைக் காப்பாற்று என்று உபதேசம் செய்வது நியாயமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ரகம், ஒரே பயன், ஒரே வாங்குபவர் என்று ஆகிவிட்டால் விவசாயிக்கு என்ன நேர்கிறது என்பதை 2025 கோடை காட்டியது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சித்தூர், கோலார் வட்டாரம் முழுவதும் கூழ் ஆலைகளை நம்பி தோத்தாபுரியை நட்டது. நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் அதே மா. ஆலைகளில் முந்தைய ஆண்டின் கூழ் தேங்கிக் கிடக்க, விலை சரிந்தது. சித்தூர் மாவட்டம் அண்டை மாநிலத்துத் தோத்தாபுரி நுழையத் தடை போட்டது, கர்நாடக முதல்வர் கடிதம் எழுதினார். ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர, ஆந்திர அரசு 4 ரூபாய் சேர்த்து 12 ஆக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோ மாங்காய்க்கு அரசு கைகொடுத்தும் 12 ரூபாய். தோத்தாபுரி மோசமான ரகம் இல்லை. கூழுக்கு அதைப்போல உதவுவது குறைவு. அந்த ஒன்றை மட்டும் நம்பியதுதான் பிழை.

ஒட்டுக்கன்றுத் தோப்பை அழித்துக் கொட்டை மரம் நடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வரப்போரம், வேலி, குளக்கரை, கோயில் நிலம், சாலையோரம் இவற்றில் நிற்கும் நாட்டு மரத்துக்கு வடுவாகவும் ஊறுகாய்க் காயாகவும் மாவற்றலாகவும் விலை கிடைக்கச் செய்யுங்கள் என்கிறேன். பழம் பழுக்கும் வரை காத்திருந்து பழ ஈக்கும் ஆடிக் காற்றுக்கும் பலி கொடுக்காமல், பங்குனியிலேயே கையில் காசு வரும் வழி அது. கொட்டைக்கும் மதிப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயோடு சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாம்பருப்புக் கொழுப்பும் ஒன்று. கூழ் ஆலைகளின் புறத்தே கொட்டைகள் மலையாகக் குவிகின்றன. மாம்பருப்பு பஞ்ச காலத்து உணவு என்று இழிவாகச் சொல்வார்கள். பூஞ்சை பிடித்த பருப்பைக் காய்ச்சிக் குடித்து 2001இல் ஒடிசாவின் காசிப்பூரில் ஏழைகள் இறந்தார்கள் என்பதும் உண்மை. அங்கே கொன்றது பசியும் சேமிக்க இடமில்லாத வறுமையும்தான். கொழுப்பை முறையாகப் பிரித்தெடுக்கும் தொழிலை அந்தத் துயரத்தைக் காட்டித் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு நுட்பமானது, எனக்குப் பிடித்ததும்கூட. ‘கொட்டை மரத்துக்கு ரகம் என்பதே இல்லையே, ஒவ்வொன்றும் வேறு, அதன் கொட்டையை ஊன்றினாலும் அது வராது. எதைக் காக்கச் சொல்கிறீர்கள்?’ இரண்டைக் காக்கச் சொல்கிறேன். முதலாவது, தனி மரம். அதற்குக் கருவி ஒட்டுக் கத்திதான். மரங்களை ஒரே அச்சாக்கியது என்று நாம் குறை சொல்லும் அதே கத்தி, சாகப்போகும் கிணற்றடி மரத்தை ஒரு பருவத்தில் பத்துக் கன்றாக்கிவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரில் மாங்கன்று ஒட்டுவது வீட்டுக்கு வீடு தெரிந்த தொழில். அந்தக் கைகளுக்கு நீலமும் ஒன்றுதான், பெயரில்லாத வடு மரமும் ஒன்றுதான். இரண்டாவது, புது மரம் பிறக்கும் வழி. அந்தச் சந்தூர்க் கன்றுகளின் வேர்ப்பகுதி எல்லாம் கொட்டையிலிருந்து வந்ததே. நாட்டுக் கொட்டை கிடைக்காவிட்டால் ஒட்டுக்கு வேர் இல்லை. மேலும் தசேரி, லங்டா, சௌசா போன்றவை தம் மகரந்தத்தால் தாமே காய்க்காதவை, பக்கத்தில் வேறு ரகம் நின்றால்தான் காய் பிடிக்கும். பன்மை இல்லாத தோப்பு மலடாகிப்போகும் என்பதற்கு அவையே சாட்சி. கேரளத்துக் கண்ணூர் மாவட்டம் கண்ணபுரத்தில் ஊர்மக்களே தங்கள் நாட்டு மாக்களைத் தேடி, பெயரிட்டு, இருநூறுக்கு மேல் பட்டியலிட்டார்கள். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்கீழ் உழவர் தம் மரத்தைத் தம் பெயரில் பதியலாம், கட்டணமும் இல்லை. மரப்பயிருக்கு 18 ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்கும். தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து நூறு வடு மரமாவது இப்படிப் பதிவாக வேண்டும் என்பது என் விருப்பம்.

அதுவரை ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய கொட்டை மாமரம் ஒன்றை வெட்ட நாள் குறித்திருந்தால், அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பே, சென்ற பருவத்தில் முதிர்ந்த நுனிக்கிளைகள் சிலவற்றில் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கக் கிள்ளிவிடுங்கள். நுனி மொட்டு திரண்டதும் பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் குச்சிகள் வெட்டி, ஈரத்துணி சுற்றி, அன்றே பக்கத்து நாற்றங்காலில் கொடுங்கள். வடு எப்படி, காய் எப்படி, எந்த மாதத்தில் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே கட்டிவிடுங்கள்.